பாட்டு முடியும் முன் போர்த்திய பொன்னாடை

ஒரு பொன்னாடையைத் தப்பான நேரத்தில் போர்த்திவிட்டு, அந்தப் பயத்தில் வேலையை விட்டே ஓடிய மடையன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். போன வாரம்வரை வீட்டில்கூட மூச்சு விட்டதில்லை.

சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் மகள், போன ஞாயிறு மதியச் சாப்பாட்டின்போது கைபேசியில் ஏதோ ஜாஸ் வாசிப்பை ஓடவிட்டு, "அப்பா, இது நம்ம கோயமுத்தூர்ல ரெக்கார்டு பண்ணுனதாமா!" என்றாள். எனக்கு உடனே பாச்சை உருண்டை வாசம் அடித்தது.

நாற்பது வருஷத்துக்கு முன்னால் நான் ஒரு மோட்டார் பம்பு கம்பெனியில் புதுக் குமாஸ்தா. வெளிநாட்டுப் பியானோக்காரர் ஒருவர் மூன்று கூட்டாளிகளோடு ஊர் ஊராக வாசித்துக்கொண்டு வந்தார். நம்மூர்க் கச்சேரி எங்கள் முதலாளி உபயம். வாசிப்பை அப்படியே பதிந்து இசைத்தட்டாகப் போடுகிறார்கள் என்றதால் அரங்கில் தும்மக்கூடப் பயம். பீரோவிலிருந்து வந்த பொன்னாடை அதே பாச்சை உருண்டை நெடியோடு என் மடியில். மேனேஜர் காதோரம் சொன்னார்: "கண்ணு, பாட்டு முடிஞ்சதும் ஓடிப்போயிப் போத்திப்போடு. உட்டா அடுத்ததை ஆரம்பிச்சுருவாங்க."

நான் கேட்ட கச்சேரியெல்லாம் கல்யாண வீட்டு நாதஸ்வரம்தான். இங்கே பியானோ நின்றது, சாக்சபோன் நின்றது, டிரம்ஸும் நின்றது. ஆளுயர வயலின் மாதிரி ஒன்றை அணைத்துக்கொண்டிருந்தவர் மட்டும் 'தும் தும்' என்று மீட்டிக்கொண்டிருந்தார். சுருதி சேர்க்கிறாராக்கும் என்று மேடையேறிப் பியானோக்காரருக்குப் போர்த்திவிட்டேன். அவர், பாவம், எழுந்து கும்பிட்டார். பொன்னாடையைக் கண்டால் நம் ஜனங்களுக்குக் கை சும்மா இருக்குமா? அரங்கமே தட்டியது. தும் தும் மட்டும் நிற்கவில்லை. பாட்டு முடியவில்லை, கைதட்டலும் ரெக்கார்டில் ஏறிவிட்டது என்பது அப்போதுதான் உறைத்தது. கீழே மேனேஜர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

இறங்கியவன் அப்படியே வெளியே நடந்தேன். பிறகு அந்தக் கம்பெனிப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. கருமத்தம்பட்டியில் ஒரு தறிக்கூடத்தில் சேர்ந்தேன். அங்கே சத்தம் நிற்கவே நிற்காது. யாருக்கும் எதையும் போர்த்துகிற ஆபத்தில்லை.

கைபேசியில் பியானோ நின்றது. கண்ணை இறுக மூடிக்கொண்டேன். கைதட்டல் பொங்கியது, அடியில் அதே தும் தும்.

"ஒருத்தர் தனியா வாசிச்சு முடிச்சதும் தட்டோணும்ப்பா, அதுதான் மொறை," என்றாள் மகள். "அப்பவே நம்மூரு ஆளுங்களுக்கு என்ன வெவரம் பாருங்க!"

ரொம்ப வெவரம், கண்ணு. அன்றைக்கு ஒரு கரண்டிச் சோறு கூடவே இறங்கியது.

இப்போது அரங்கம் இருந்த இடத்தில் கார்கள் நிற்கின்றன. பம்பு கம்பெனியை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். மேனேஜர் மட்டும் கிணத்துக்கடவில் தென்னந்தோப்போடு இருக்கிறார். நம்பரைத் தேடிப் பிடித்து, பேரைச் சொல்லி, "சார், அந்த ரெக்கார்டு கெடலீங்க!" என்றேன்.

அவர் என் பேரை ஒருதரம் திருப்பிச் சொல்லிப் பார்த்தார்.

"செரி, நாளைக்கு வேலைக்கு வந்துரு."