தாலிக்கயிற்று ஊக்கு

கடமலைக்குண்டிலிருந்து தேனி ஆஸ்பத்திரிக்கு ஒரு பிள்ளைத்தாச்சியையும் அவள் மாமியாரையும் வாடகைக்கு ஓட்டும் என் பழைய பிளசர் காரில் ஏற்றிப் போனேன். பாதி ஏற்றத்தில் ஆக்சிலேட்டர் மிதி தொளதொளத்து, வண்டி நின்றது. பானெட்டைத் திறந்தால், கார்புரேட்டரை இழுக்கும் கம்பி தொங்கியது. அதை மாட்டியிருந்த சின்னப் பின் ஊசி எங்கோ விழுந்துவிட்டது. சணலால் கட்டினேன். மிதித்ததும் அறுந்தது.

"ஒரு ஊக்கு இருந்தாக்கூடப் போதும்" என்று புலம்பினேன்.

வலியில் துடித்தவள், தாலிக்கயிற்றில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றினாள்.

"தாலியில கெடக்குறத இந்த நேரத்துலயா கழட்டுவ, ஆத்தா?" மாமியார் அலறினார்.

"ஊக்குத்தான அத்தே" என்று என்னிடம் நீட்டினாள்.

அவசரத்தில் ஊக்கு கம்பியின் துளையில் நுழையவே இல்லை.

"பதறாம மாட்டுங்கண்ணே. நான் தாங்கிக்கிறேன்" என்றாள்.

வண்டி ஏற்றம் ஏறியது. தேனியில் ஆண் குழந்தை.

வலியோடு வருகிறவர்களுக்கு நான்தான் தைரியம் சொல்ல வேண்டும் என்று அதுவரை நினைத்திருந்தேன்.