ஒரு சாட்சி போதுமா?

போன ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டு டேனியல், பைபிள் வகுப்பு முடிந்த கையோடு என் வீட்டுக்கு வந்தான். சிரம்பானில் காலேஜ் படிக்கிற பையன். காப்பி கொடுத்தால் போதும், வகுப்பில் நடந்ததை எல்லாம் ஒப்பித்துவிடுவான்.

“பாட்டி, இந்த யூதருங்க இருக்காங்களே... எல்லாத்துக்கும் சட்டம் லா. கறியையும் பாலையும் ஒண்ணா சாப்பிடக் கூடாது. சனிக்கிழமை அடுப்பு பத்தவைக்கக் கூடாது. இவ்வளவு சட்டத்தை வச்சுக்கிட்டு எப்படித்தான் குடும்பம் நடத்துறாங்க?”

சிரித்தேன். சிரித்து முடிப்பதற்குள் எலியாஸ் கிராணி ஞாபகத்துக்கு வந்துவிட்டார்.

உங்களில் எத்தனை பேர் ஒரு யூதரை நேரில் பார்த்திருப்பீர்கள்? நான் பார்த்திருக்கிறேன் — புக்கிட் பெலண்டோக் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், ஜப்பான்காரன் மலேயாவை ஆண்ட காலத்தில். கிராணி என்றால் தோட்ட ஆபீசில் கணக்கு எழுதுகிறவர். கொச்சியிலிருந்து வந்ததால் மலையாளி என்றே தோட்டத்தில் எல்லோரும் நினைத்திருந்தார்கள். சனிக்கிழமை அவர் வீட்டில் புகை வராது. “ஏன் கிராணி?” என்று கேட்டால், “ஏன், உங்க வீட்டுல விரதமே கிடையாதா?” என்பார். கேள்விக்குப் பதிலாக இன்னொரு கேள்வி. அந்த மனுசனிடம் நேரான பதில் வாங்கியவர் யாருமில்லை.

அந்தத் தோட்டத்தில்தான் என் அக்கா ராசம்மாவைக் கட்டிக் கொடுத்திருந்தோம். அத்தான் பெயர் கண்ணையன். ஜப்பான்காரன் ரயில் பாதை போட ஆள் பிடித்தபோது, அவரையும் லாரியில் ஏற்றி சயாமுக்குக் கொண்டுபோய்விட்டான். அதன் பிறகு ஒரு தகவலும் இல்லை.

ஒரு நாள் மாரிமுத்து என்பவர் அங்கிருந்து திரும்பி வந்தார். காலில் ஆறாத புண். “கண்ணையன் போயிட்டான். காலரா. நானே பார்த்தேன்” என்றார்.

தம்பினில் எங்கள் வீட்டிலிருந்து அப்பா ஓடி வந்தார். நானும் கூட வந்தேன். மகளைக் கூட்டிக்கொண்டு போய் வேறு வாழ்க்கை அமைத்துக் கொடுக்க வேண்டும் என்பது அப்பாவின் முடிவு. அக்காவின் மாமியார் விடவில்லை. “என் மகன் வருவான். அவ கழுத்துல தாலி இருக்கிற வரைக்கும் அவன் உசுரு இருக்கும்.” பெற்ற வயிறு, வேறு எப்படிப் பேசும்?

அக்காவுக்கு இருபத்திரண்டு வயசு. அழுதால் மாமியார் திட்டுவார். பொட்டு வைத்தால் லயத்து வீட்டு வரிசையே முணுமுணுக்கும். மனைவியா, விதவையா என்று தெரியாமல் ஒரு பெண் எத்தனை காலம் மரவள்ளிக் கிழங்கைத் தோண்டிக்கொண்டே இருப்பாள்?

கோயில் வாசலில் கூட்டம் கூடினார்கள். தோட்டத்து ஆட்களுக்குத் தலைவரான கங்காணி சொல்லிவிட்டார்: “ஒத்த ஆள் பேச்சை நம்பி தாலிய எறக்க முடியாது. இன்னொரு சாட்சி வரட்டும்.”

சயாமிலிருந்து இன்னொருவர் எங்கே வரப்போகிறார்?

அப்போதுதான் கடைசியில் நின்ற எலியாஸ் கிராணி வாயைத் திறந்தார். “நாங்க யூதருங்க. எங்க வேதத்துலயும் எதுக்கும் ரெண்டு சாட்சி வேணும். ஆனா காணாமப் போன புருசன் விஷயத்துல மட்டும், ஒரு சாட்சி போதும்னு பெரியவங்க வச்சிருக்காங்க.”

கூட்டத்தில் இருந்த ஆரோக்கியம் அக்கா வாயைப் பிளந்தார். “பைபிள்ல வர்ற யூதரா? இன்னுமா இருக்காங்க?”

கங்காணி விடுவாரா? “ஏன் கிராணி, அந்த ஒருத்தன் தப்பா சொல்லிட்டா?”

“தப்பாப் போனா நஷ்டம் யாருக்கு, உங்களுக்கா? இவ இன்னொருத்தனக் கட்டி, மொத புருசன் வந்து நின்னா, எங்க சட்டப்படி ரெண்டு பேருகூடவும் வாழ முடியாது. அப்ப இவளவிட நல்லா விசாரிக்கிறவங்க யாரு இருக்கா? இவளைக் கேட்டீங்களா?”

யாரும் கேட்கவில்லை. பெற்ற அப்பாவே கேட்கவில்லை.

கிராணி தொடர்ந்தார். “ஊர்ல எனக்கும் ஒரு சம்சாரம் இருக்கா. கடுதாசி நின்னு ரெண்டு வருசமாச்சு. அவளும் இப்ப என்னைப் பத்தி யாரையாவது கேட்டுக்கிட்டுத்தான் இருப்பா.”

கங்காணி அக்கா பக்கம் திரும்பினார். பிறகு, “கேளும்மா” என்றார்.

அக்கா எழுந்து மாரிமுத்துவின் எதிரில் போய் நின்றார். அங்க அடையாளம் கேட்பார், மச்சத்தைக் கேட்பார் என்று நினைத்தோம். அக்கா கேட்டது வேறு.

“அண்ணே, சோறு வாங்குறப்ப அவரு எதைக் கேப்பாரு?”

மாரிமுத்து சொன்னார். “அதை ஏன்மா கேக்குற... எல்லாரும் மேல் சோத்துக்கு அடிச்சுக்குவோம். அவன் மட்டும் அடிச்சட்டிக் காந்தலச் சொரண்டிப் போடச் சொல்லுவான். கிறுக்குப் பய. அதான் ருசின்னு சொல்லுவான்.”

அக்கா அப்படியே உட்கார்ந்துவிட்டார். அரிசி கிடைத்த காலத்தில் வீட்டிலும் அத்தான் அப்படித்தான். காந்தல்தான் பிடிக்கும் என்று சொல்லி, நல்ல சோற்றை அம்மாவுக்கும் மனைவிக்கும் தள்ளிவிடுவார். அது அந்த வீட்டுப் பெண்கள் இரண்டு பேருக்கு மட்டுமே தெரிந்த சங்கதி.

முதலில் அலறியது மாமியார்தான். அக்காவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, “அவன்தான்டி... என் புள்ளதான்டி” என்று அழுதார். அன்றைக்குத்தான் இருவரும் மனம்விட்டு அழுதார்கள். எனக்கும் தாங்கவில்லை.

காரியம் முடிந்ததும் மாமியாரே சொன்னார், “உங்கப்பா கூடப் போ.” அக்கா போனார் — மாமியாரையும் கூட்டிக்கொண்டு. ஜப்பான் சண்டை ஓய்ந்த பிறகு அக்காவுக்கு மறு கல்யாணம் நடந்தது. தாலியை எடுத்துக் கொடுத்தது அந்த மாமியாரேதான்.

எலியாஸ் கிராணி ஊருக்குக் கப்பல் ஏறியதாகக் கேள்விப்பட்டேன். போய்ச் சேர்ந்தாரா, தெரியாது. சேர்ந்திருக்க வேண்டும் என்று இன்றைக்கும் மனசு அடித்துக்கொள்கிறது.

டேனியல் காப்பியை ஆறவிட்டுவிட்டுக் கேட்டான், “அப்ப ஒரு சாட்சி போதுமா பாட்டி?”

போதும் தம்பி. கேள்வியை மட்டும் பொண்டாட்டி கேட்கணும்.