ஐம்பத்தெட்டாம் பக்கத்து வாசகி

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி பன்னிரண்டு நிமிடம். பனிமூட்டம் இன்னும் முழுதாக விலகவில்லை. மின்விசிறி போட்டால் குளிர், நிறுத்தினால் கொசு. செகந்திராபாத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் என் முதல் புத்தகத்தின் வெளியீட்டு விழா. எனக்கு எழுபத்தாறு வயது. நாற்காலிகள் நூற்றிருபது, தலைகள் எழுபத்தொன்று. மேடையில் உட்கார்ந்து இரண்டாம் தடவை சரிபார்க்கும்போதுதான் மூன்றாவது வரிசையில் அந்த அம்மாளைப் பார்த்தேன்.

முடி முழுக்க நரைத்திருந்தாலும் அடையாளம் தெரிந்தது. எதிர் வீட்டுக்காரரின் மனைவி. அவர் போய் ஆறு வருஷமாகிறது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். மடியில் என் புத்தகம். முன்பதிவில் வாங்கியிருக்க வேண்டும். நடுவில் செய்தித்தாள் கிழிசல் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியும்.

தொண்ணூற்றாறு வரை பாலாநகரில் ஒரே காம்பவுண்டுக்குள் எதிரும் புதிருமாகக் குடியிருந்தோம். நான் மத்திய அரசுத் தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் பிரிவு. அவர் ஜீடிமெட்லாவில் மருந்துக் கம்பெனியில் ஷிப்டு வேலை. போர்வெல் மோட்டார் ஒன்றுதான். ஒரு நாள் அவர்கள் முறை, மறுநாள் எங்கள் முறை. ஒரு நாள் முறை தவறியது, வாய்ச் சண்டையானது, இரண்டு வருஷம் பேச்சில்லை. அந்த நிலையில்தான் என் அப்பா இறந்தார். வந்தவர்களை அன்றும் எண்ணினேன். ஸ்டோர்ஸில் இருந்தவனுக்கு அது மூச்சு விடுகிற மாதிரி. ஐம்பத்தெட்டாம் பக்கத்தில் எழுதியிருந்தேன்: "வீட்டுக்கு வந்தவர்கள் இருபத்தேழு பேர். பதினோரு அடி தூரத்தில் இருந்த எதிர் வீட்டுக்காரர் வரவில்லை." பெயர் போடவில்லை. ஆனால் அந்தக் காம்பவுண்டில் இருந்த யாருக்கும் பெயர் தேவையில்லை.

விழாவை ஏற்பாடு செய்த தமிழ்ச் சங்கச் செயலாளர் முந்தின வாரம் எனக்குப் பாடம் எடுத்திருந்தார். "சார், தாளைப் பார்த்துப் படிக்காதீங்க. யாராவது ஒருத்தர் முகத்தைப் பார்த்துப் பேசுங்க. கேள்விக்கு நேரம் விடுங்க. ஜனங்க அதுக்குத்தான் வர்றாங்க." அதன்படி ஏற்புரைக்குப் பதினான்கு நிமிடம், கேள்விக்கு இருபது என்று வகுத்திருந்தேன். இப்போது எந்த முகத்தைப் பார்ப்பது? எங்கே பார்த்தாலும் கண் அந்தக் கிழிசலில் போய் நின்றது. எழுபது பேர் முன்னால் அந்த அம்மாள் எழுந்து, "செத்துப்போன மனுஷனைப் பத்தி இப்படி எழுதலாமா?" என்று கேட்டால் என்ன பதில் சொல்வேன்? எழுதியது உண்மை என்று சொல்வேன். டைரி இருக்கிறது என்று சொல்வேன்.

வாழ்த்துரை ஐவர். ஆளுக்குப் பத்து நிமிடம் என்று அழைப்பிதழில் இருந்தது. முதலாமவர் இருபத்திரண்டு நிமிடம் எடுத்தார். இரண்டாமவர் முதலாமவரைப் புகழவே எட்டு நிமிடம். நடுவில் பொன்னாடைகள், ஒன்பது. வேறொரு நாளாக இருந்தால் எரிச்சல் பட்டிருப்பேன். அன்று ஒவ்வொரு நிமிடமும் எனக்குச் சாதகமாகத் தெரிந்தது. கேள்வி நேரத்தை இவர்களே தின்றுவிடுவார்கள். என் முறை வந்தபோது பன்னிரண்டு ஐம்பது. செயலாளர் காதருகே குனிந்தார். "சுருக்கமா சார். சாம்பார் ஆறினா உங்க இலக்கியத்தை யாரும் மன்னிக்க மாட்டாங்க."

நான் சுருக்கவில்லை. இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. தாளை எடுத்து, தலை நிமிராமல், முப்பத்தொரு நிமிடம் படித்தேன். பின் வரிசைகள் காலியாகும் சத்தம் கேட்டது. முடித்ததும் செயலாளர் ஒலிபெருக்கியை வாங்கி, "கேள்விகளைச் சாப்பாட்டு மேஜையில் வச்சுக்கலாம்" என்றார். தப்பித்தேன் என்று நினைத்தேன்.

கையெழுத்து வாங்க வரிசை நின்றது. பதினோரு பேர். ஏழாவது ஆள் அந்த அம்மாள். பக்கத்தில் மகன், ஐம்பது வயது இருக்கும், கையில் கார் சாவி.

"அம்மா, சலோ. லேட் ஆகுது" என்றான்.

"நக்கோ, இரு" என்று அவனை அடக்கிவிட்டு, புத்தகத்தைக் கிழிசல் வைத்த பக்கத்திலேயே விரித்து என் முன் வைத்தார்.

"யார் பேருக்குப் போடட்டும்?" என்றேன். எல்லோரிடமும் கேட்ட அதே கேள்வி.

"அவர் பேருக்கே போடுங்க சார். செத்தவங்க பேருக்குப் போடக்கூடாதுன்னு ஏதாவது இருக்கா?"

பேனாவை வைத்துவிட்டேன். "அம்மா, நான் யாரையும் குறை சொல்லணும்னு எழுதலை. அன்னிக்கு எண்ணினது..."

"வீட்டுல எண்ணினீங்க. அவர் வீட்டுக்கு வரலை, வாஸ்தவம்தான். காலைல ஆறரைக்கே சுடுகாட்டுக்குப் போயிட்டார். இடம் சொல்லி, விறகு பார்த்து, வெட்டியான்கிட்ட பேசி, எல்லாம் முடிச்சு நின்னார். மூஞ்சியைப் பார்த்தா நீங்க சங்கடப்படுவீங்கன்னு பின்னாலதான் நின்னார். கொள்ளி வச்சவங்க திரும்பிப் பார்க்கக் கூடாதில்லையா? நீங்க பார்க்காம நடந்தீங்க. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அந்த ஏற்பாடுகளைச் செய்தது ஆபீஸ் யூனியன்காரர்கள் என்று இருபத்தேழு வருஷமாக நினைத்திருந்தேன். அவர்களுக்கு நன்றி சொல்லி ஒரு பத்தியே எழுதியிருக்கிறேன். என் வாய் வேறெதுவும் கிடைக்காமல், "எத்தனை மணிக்குத் திரும்பினார்?" என்று கேட்டது.

மகன் சிரித்துவிட்டான். "அங்கிள், இப்பவும் டைம் கேக்கறீங்களா?"

அம்மாள் சிரிக்கவில்லை. "ஒரு மணி இருக்கும். குளிக்காம உள்ள வரக் கூடாதே. அன்னிக்கு மோட்டார் உங்க முறை. துக்க வீட்டுல போய்த் தண்ணி கேக்கறதான்னு, குடிக்க வச்சிருந்த ரெண்டு குடத்தையும் அவர் தலைல ஊத்தினேன். ஈரத்தோட உடுப்பு மாத்தி ரெண்டு மணி ஷிப்டுக்கு ஓடினார். அதுக்கப்புறமாவது நீங்க பேசுவீங்கன்னு இருந்தார். துக்கத்துக்குப் போனதை வாய்விட்டுச் சொல்லிக் காட்டுவாங்களா? சொல்லலை. அவ்வளவுதான்."

அடுத்த மாதமே நான் வேறு வீடு மாறிப் போனது நினைவுக்கு வந்தது.

அவர் பெயரை எழுதினேன். கீழே, "இருபத்தெட்டாவது ஆள், முதலில் போனவர்" என்று எழுதி, அச்சான இரண்டு வரிகளை அடித்துக் கையெழுத்திட்டேன். அந்த அம்மாள் கண்ணாடியை ஏற்றிவிட்டு நிதானமாகப் படித்தார்.

"இது என் புத்தகம். மத்ததெல்லாம்?"

பின்னால் நான்கு பேர் நின்றிருந்தார்கள். அவர்கள் காதிலும் விழுந்தது. நான் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போய், ஒலிபெருக்கி இல்லாமலே, இலை முன் உட்கார்ந்திருந்தவர்களிடம் விஷயத்தைச் சொன்னேன். தாள் இல்லை, நிமிடக் கணக்கு இல்லை. ஒரு பெரியவர் சாதத்தைப் பிசைந்துகொண்டே, "காலைலேர்ந்து இதைச் சொல்லியிருக்கலாமே ஐயா" என்றார். பிறகு வரிசை தானாக நின்றது. தங்கள் ஊர், தங்கள் துக்கம், தாங்கள் பேசாமல் விட்ட ஆள் என்று ஒவ்வொருவரும் ஏதோ சொன்னார்கள். நான் கேட்டுக்கொண்டே அடித்துத் திருத்தினேன். நாலு மணி வரை ஆயிற்று.

அச்சடித்தது முந்நூறு. விற்றிருந்தவை நாற்பத்து மூன்று. அவற்றில் முப்பத்து நான்கு மண்டபத்திலேயே திருந்தின. விற்காதவற்றுக்குத் திருத்தச் சீட்டு அச்சடித்து, ஐம்பத்தெட்டாம் பக்கத்தில் நானே ஒட்டினேன். வெளியே போய்விட்ட ஒன்பதில் இரண்டுக்குச் சென்னைக்குச் சீட்டைத் தபாலில் அனுப்பினேன். மீதி ஏழு வீடுகளுக்கும் நேரில் போனேன். பட்டான்செருவில் இருந்தவர் வீட்டுக்கு மட்டும் இரண்டு தடவை, முதல் தடவை அவர் ஷிப்டில் இருந்தார். அச்சு, பசை, தபால், ஆட்டோ, எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்து எண்ணூற்று முப்பது ரூபாய்.