பேர் வைக்காத இலக்கங்கள்

நான் லேசிலை ஒருத்தரையும் நம்பிற ஆள் இல்லை. அந்தக் காலத்திலை நம்பினவையும் கனபேர் இல்லை. ஊரை விட்டுப் போக ஆர் பாஸ் எடுக்கத் திரியினம், ஆரின்ரை வீட்டிலை புதுச் சூட்கேஸ் கிடக்கு, இதுதான் ஊர்க்கதை. அப்பிடி இருக்கேக்கை, என்னோடை ஒரே அறையிலை வேலை செய்யிற ஒருத்தர் புரோகிராம் முழுக்க வெறும் இலக்கமாய் எழுதி வைச்சா நான் என்ன நினைக்கிறது?

இணுவிலிலை ஒரு வீட்டு முன்னறையிலை நடந்த கொம்பியூட்டர் வகுப்பு அது. நான் படிப்பிக்கிறன். அவர் புத்தூரிலையிருந்து சைக்கிளிலை வந்து, பிறின்ரர் தமிழிலை அடிக்கிறதுக்குப் புரோகிராம் எழுதிறார். என்னிலும் மூண்டு வயது இளமை. வாய் திறக்கிறது குறைவு. கரண்ட் போய் ரண்டு வருசம். முதலாளி பின்னேரத்திலை ஒரு மணித்தியாலம் மண்ணெண்ணெயிலை கரண்ட் இஞ்சினைப் போடுவார். மிச்ச நேரமெல்லாம் கொப்பியிலைதான் புரோகிராம்.

வகுப்புக்கு வாற பிள்ளையள் குறைஞ்சு போச்சினம். ரண்டு பேரை வைச்சிருக்கேலாது எண்டு முதலாளி சாடைமாடையாய்ச் சொல்லத் தொடங்கியிட்டார். தமிழ் அடிக்கிற வித்தை புத்தூர்க்காரருக்கு மட்டும் தெரிஞ்சிருந்தா, போறது நான்தான். எனக்கு நித்திரை வரேல்லை.

அவரின்ரை கொப்பியை எடுத்துப் பாத்தன். 888, 889, 890, 13, 12, 128. பக்கம் பக்கமாய் இதுதான். விசயம் பெரிசில்லை. கொம்பியூட்டருக்குள்ளை 888 எண்ட இடத்திலை எழுத்தை வைக்கோணும். பிறின்ரர் வேலையாய் இருக்கோ எண்டு 889 இலை பாக்கோணும். பிறகு 890 இலை 13ஐப் போட்டு உடனை 12ஐப் போட்டா, பிறின்ரர் எழுத்தை எடுக்கும். ஆனா இது கொம்பியூட்டரின்ரை கைநூலைப் பிரிச்சு வைச்சுக்கொண்டு நான் ரண்டு நாள் மாரடிச்சுக் கண்டுபிடிச்சது. ஒவ்வொரு இடத்துக்கும் புரோகிராமின்ரை தலையிலை ஒருக்கா ஒரு பேர் வைச்சா, பிறகு பாக்கிற ஆருக்கும் விளங்கும். இடம் மாறினா ஒரு வரியிலை மாத்தலாம். இது அவருக்குத் தெரியாதோ?

"ஏன் பேர் வைக்கேல்லை?" எண்டு கேட்டன்.

"வேலை செய்யுதுதானே, ரீச்சர்."

சோழியன் குடுமி சும்மா ஆடாது. நான் நேரை முதலாளியிட்டைப் போய், "அவர் ஒருத்தருக்கும் விளங்காமல் எழுதி வைச்சிருக்கிறார். நாளைக்கு அவர் போனா நாங்கள் அம்போதான்" எண்டன்.

அந்தக் கிழமையே கொம்பியூட்டருக்குள்ளை பிறின்ரரைப் பூட்டிற கார்ட் பழுதாய்ப் போச்சு. முதலாளி எங்கையோ தேடி வேறை ஒண்டு கொண்டந்தார். அதிலை இடங்கள் 956, 957, 958. முதலாளி என்னைத் தனியக் கூப்பிட்டார். "பிள்ளை, வெள்ளிக்கிழமைக்கிடையிலை நீர் தனிய இதைச் சரிப்படுத்தினா எனக்கு நீர் ஒருத்தர் காணும், மற்றவர் தேவையில்லை" எண்டார்.

எனக்கு அது நல்லாய் இனிச்சுது. பொய் சொல்லுவானேன்.

கொப்பியிலை 888 கண்ட இடமெல்லாம் வெட்டி 956 போட்டன். 889க்கு 957. 890க்கு 958. நாப்பது இடத்துக்கு மேலை இருக்கும். வெள்ளிக்கிழமை இஞ்சின் போட்டவுடனை எல்லாத்தையும் அடிச்சு முடிச்சு, "யாழ்ப்பாணம்" எண்டு அனுப்பினன். மற்ற எழுத்தெல்லாம் வடிவாய் வந்துது. 'ழ' வந்த இடத்திலை சிதறின புள்ளியள்.

எனக்கு விசர் பிடிச்சுது. வேணுமெண்டு பொறி வைச்சிருக்கிறான் எண்டுதான் நினைச்சன். அவர் முதலாளி சொன்னபடி அடுத்த அறையிலை பிள்ளையளின்ரை கொப்பி திருத்திக்கொண்டிருந்தார். பிறின்ரரிலையிருந்து கடதாசியைக் கிழிச்செடுத்துக்கொண்டு போய் முகத்துக்கு நேரை பிடிச்சன்.

"ஒருத்தரும் தொடக்கூடாதெண்டு உதுக்குள்ளை என்னத்தை ஒளிச்சு வைச்சிருக்கிறீர்?"

அவர் கடதாசியைப் பாத்தார். "எழுத்துகளின்ரை வடிவத்தைப் புள்ளி புள்ளியாய் வைச்ச அட்டவணையிலை ழ துவங்கிறது 889ஆம் இடத்திலை. அது பிறின்ரரின்ரை 889 இல்லை, ரீச்சர். நீங்கள் அதையும் மாத்திப்போட்டியள்."

"பேர் வைச்சிருந்தா எனக்கு உது தெரிஞ்சிருக்கும்தானே?"

"பேர் வைச்சுத்தான் முதலிலை எழுதினனான்." அவர் சத்தம் போடேல்லை. "உங்களைப்போலை எனக்கு இங்கிலீஷ் ஓடாது. 888க்கு வாசல், 889க்கு நிலை, 890க்குத் தட்டு எண்டு எங்கடை சொல்லையே இங்கிலீஷ் எழுத்திலை போட்டனான். நீங்கள் அதை வகுப்பிலை பிள்ளையளுக்கு முன்னாலை வாசிச்சு, 'ஐசே, வீடு கட்டப் போறீரோ' எண்டு சிரிச்சனீங்கள். பிள்ளையளும் சிரிச்சவை. அண்டைக்கு எல்லாத்தையும் அழிச்சுப்போட்டு இலக்கத்தை வைச்சனான். இலக்கத்தைப் பாத்து ஒருத்தரும் சிரிக்காயினம்."

எனக்கு அப்பிடிச் சிரிச்சதே ஞாபகம் இல்லை. ஆனா அது நான் சொல்லக்கூடிய கதைதான். நாக்கு அப்பிடி. வெக்கத்திலை முகம் கொதிச்சுது. ஒரு மன்னிப்புக் கேட்டிருக்கலாம், கேக்கேல்லை.

அவர் எழும்பி வந்து, இஞ்சின் நிக்கமுன்னம் அந்த ஒரு இலக்கத்தைத் திருப்பி 889 ஆக்கினார். திரும்ப அனுப்பினம். 'ழ' முழுசாய் வந்துது.

பிறின்ரர் சத்தம் கேட்டு முதலாளி உள்ளை வந்து கடதாசியை வெளிச்சத்திலை பிடிச்சுப் பாத்தார். "தனியவோ செய்தனீர், பிள்ளை?"

புத்தூர்க்காரர் எனக்குப் பக்கத்திலைதான் நிண்டவர். முதலாளி கேட்டது என்னத்துக்கெண்டு அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

"ஓம்" எண்டன்.

திங்கக்கிழமை அவர் வரேல்லை. வரவேண்டாமெண்டு முதலாளி ஆள் அனுப்பிச் சொல்லிப்போட்டார். மறைக்கிறார், மறைக்கிறார் எண்டு திரிஞ்ச நான், அண்டைக்கு மறைச்சதை இண்டைவரைக்கும் ஒருத்தருக்கும் சொல்லேல்லை.