எங்கள் பிளாக்கில் டெக்னோ

டெக்னோ என்கிற இசை வகையே செத்துப்போய்விட்டது என்று என் மகளிடம் நான்தான் சொன்னேன். கல்லூரி நாட்களில் பாட்டில்லாமல் தடதடத்த கேசட்டுகளுக்கெல்லாம் அந்தப் பெயரைத்தான் எழுதி வைத்திருந்தேன். ஆகவே தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கு உண்டு என்பது என் நம்பிக்கை.

"இப்ப யாரு எதைப் போட்டாலும் டெக்னோங்கறான். அர்த்தமே இல்லாத பேரு."

"உங்களுக்கு அர்த்தம் தெரியலைன்னா அதுக்கு அர்த்தமே இல்லையாப்பா?"

லேப்டாப்பில் அவளே உருவாக்கிய, ஒரே தாளம் நிற்காமல் தடதடக்கும் இசை. எங்கள் சுரங்க டவுன்ஷிப் பிளாக்கின் பொங்கல் விழாதான் முதல் மேடை. டெக்னோ என்றே அறிவிக்க வேண்டும் என்பது அவள் நிபந்தனை. விழாச் செயலாளரிடம் தூது போனேன்.

"டிஜேவா சார்? வேணாம். போன வருஷம் ஜன்னலெல்லாம் ஆடிப்போச்சு."

"டிஜே இல்லைங்க, டெக்னோ."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

வீட்டில் நான் பேசிய வசனத்தையே அவரும் பேசினார். மறுத்து விளக்கினேன், எனக்கே விளங்கவில்லை. "மெல்லிசைன்னு போட்டுக்கலாம்" என்றார். வந்து சொன்னேன். "அப்ப நான் வரலை" என்று மகள் லேப்டாப்பை மூடினாள். குரலை உயர்த்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

திரும்பப் போனேன். "ஒரே வேலை செய்றவங்கள கான்ட்ராக்ட், பர்மனென்ட்னு பிரிச்சுக் கூப்பிடற ஊரு சார் இது. பேரு எதுவானா என்னன்னு நாம சொல்லலாமா?"

செயலாளர் பல வருடம் கான்ட்ராக்டில் இருந்து பர்மனென்ட் ஆனவர். டெக்னோ என்றே எழுதிக்கொண்டார்.

விழாவன்று சாயங்காலம் மகள் ஆரம்பித்தாள். முன்வரிசையில் சுரங்கத்து கன்வேயர் பெல்ட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். ஒவ்வொருவராகத் தலை சாய்த்துத் தூங்கிப்போனார்கள். விமர்சகனாக ஜெயித்துவிட்டேன், தகப்பனாக அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இசை முடிந்தது. அத்தனை பேரும் ஒன்றாகத் திடுக்கிட்டு விழித்தார்கள். வேலைக் காலத்துப் பழக்கம், பெல்ட் ஓடும் சத்தம் கேட்கும்வரை அவர்களுக்குக் கவலையில்லை. நின்றால்தான் ஏதோ கோளாறு.

"நல்லாத்தானே ஓடிக்கினு இருந்துச்சு, ஏம்மா நிறுத்திட்ட?" என்றார் அவர்களில் ஒருவரான எதிர்வீட்டுக்காரர், நிஜமான பதற்றத்துடன். "போடும்மா."

மகள் சிரித்துக்கொண்டே மறுபடி போட்டாள். அவர்களும் மறுபடி தூங்கினார்கள்.

இப்போதெல்லாம் என்னைப் பார்த்தால் அவர் கேட்பது ஒன்றுதான்: "பாப்பா மறுபடி எப்பங்க போடும்? டிஜே வேணாங்க, டெக்னோ."

வித்தியாசம் எனக்குத்தான் இன்னும் பிடிபடவில்லை.