கறிவேப்பிலைக்கு மூன்று கொட்டேஷன்

சிங்கப்பூரின் தேக்காவில் காலையில் கிளம்பிய அந்தச் செய்தி, ரயிலேறிப் போகப் போகக் கொழுத்துக்கொண்டே போனது. பஃப்ளோ ரோட்டு ருக்கையா அக்காவின் காய்கறிக் கடையில் இனிக் கறிவேப்பிலைக்கும் காசாம். பொங்கோலில் இறங்கியபோது கொத்தமல்லிக்கும் காசு. பாசிர் ரிஸ்ஸில், முருங்கைக்காயைத் தட்டிப் பார்த்தாலே காசு. பூன் லே வந்து சேர்ந்தபோது கடைக்குள் நுழையவே டிக்கெட் என்றார்கள்.

பூன் லேயில்தான் அழகப்பன் இருந்தார். ஒரு கேட்டரிங் சமையற்கூடத்தில் காய்கறி வாங்கும் பொறுப்பு அவருடையது. செய்தி கேட்டதும், குடித்த தேத்தண்ணீர் அவருக்குப் புரையேறியது.

காய் வாங்கினால் பைக்கு மேலே ஒரு கொத்துக் கறிவேப்பிலை போடவேண்டும். கேட்காமல் போடவேண்டும். அதுதான் கொசுறு. கேட்டு வாங்கினால் அது பிச்சை, காசு கொடுத்து வாங்கினால் வெறும் வியாபாரம். இந்த நுட்பம் பிடிபடாதவர்கள் சூப்பர்மார்க்கெட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

அழகப்பன் அந்தச் சமையற்கூடத்தில் வெங்காயம் உரிக்கச் சேர்ந்தவர். அழுதுகொண்டே முன்னுக்கு வந்தவர். கடைக்குப் போனதும் அவர் விலை கேட்கமாட்டார். முதலில் அக்காவின் முட்டிவலியை விசாரிப்பார். பிறகு ஒரு வெண்டைக்காயின் நுனியை ஒடிப்பார். பட்டென்று ஒடிந்தால் சரி. வளைந்தால் முட்டிவலியை இன்னொரு தடவை விசாரிப்பார். அக்கா புரிந்துகொண்டு உள்ளேயிருந்து வேறு கூடை எடுத்துவருவார். கடைசியில்தான் விலை. இவர் பத்துக் காசு குறைக்கச் சொல்வார். "என் கடையவே எழுதி வாங்கிக்கோ தம்பி" என்பார் அக்கா. பிறகு சொன்ன விலைக்கே இருவரும் திருப்தியாக முடித்துக்கொள்வார்கள். வீட்டில் மட்டும் அவரை யாரும் காய் வாங்க அனுப்புவதில்லை. "நாலு கத்திரிக்கா வாங்கப் போனா, பொண்ணு பாக்கப் போன மாதிரி உக்காந்துடுவாரு" என்பது மனைவி தாரணியின் புகார்.

கொசுறு நின்றால் உள்கூடையும் நின்றுவிடும். கூடை நின்றால் சாம்பார் போச்சு. சாம்பார் போனால் அழகப்பன் போச்சு. எனவே அவர் நேரிலேயே விசாரிக்கக் கிளம்பினார்.

"என்னக்கா, கறிவேப்பிலைக்குக் காசுன்னு ஊரெல்லாம் பேச்சு?"

"ஆமா லா. கொத்து ஒரு காசு."

"யாருக்கு?"

"உனக்குத்தான். மத்தவங்களுக்கெல்லாம் சும்மா."

அழகப்பன் பக்கத்திலிருந்த உருளைக்கிழங்கு மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"உங்க ஆபீஸ்ல புதுசா ஒரு பொண்ணு வந்திருக்கே, அதுதான் போன் பண்ணுச்சு. சும்மா வர்ற சாமானைக் கம்ப்யூட்டர் ஏத்துக்காதாம். ஏதாவது ஒரு விலை சொல்லுங்க ஆன்ட்டின்னு கெஞ்சுச்சு. வாய்க்கு வந்ததச் சொன்னேன். ஒத்தக் காச இப்ப யாரு கண்ணால பாத்தா?"

ஆக, வதந்தி உண்மை. அது பிறந்த வீடும் அவருடையதுதான்.

ஆபீஸுக்குப் புதிதாக வந்த திவ்யதர்ஷினி கெட்ட பெண் அல்ல, நிர்வாகம் படித்த பெண். அவ்வளவுதான்.

"ஸீரோ போட்டா சிஸ்டம் ரிஜெக்ட் பண்ணுது அங்கிள். ஃப்ரீயா குடுத்தா ஆடிட்ல கேப்பாங்க. ஏன் குடுத்தாங்க, பதிலுக்கு நீங்க என்ன குடுத்தீங்கன்னு."

"முட்டிவலிய விசாரிச்சேன்மா."

"அத எப்படி அங்கிள் என்டர் பண்றது?"

அழகப்பன் கீபோர்டில் அதற்கு ஒரு பொத்தானைத் தேடினார்.

"இப்ப விலைன்னு ஒண்ணு வந்துருச்சு. சோ, மூணு கடையில கொட்டேஷன் வேணும். ஆன்ட்டியோடது இருக்கு. இன்னும் ரெண்டு வாங்கிட்டு வந்துடுங்க, ப்ளீஸ்."

ருக்கையா அக்கா கடைக்கு நேர் எதிரே சேவியர் கடை. அழகப்பன் அதற்குள் கால் வைத்ததே இல்லை. தலையைக் குனிந்துகொண்டு நுழைந்தார்.

"கொசுறு என்ன விலைப்பா?"

சேவியர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "உடம்பு நல்லா இருக்கீங்களாண்ணே?"

விவரம் கேட்டபின் சேவியர் நியாயமாகவே பேசினார். "வாங்காத ஆளுக்குச் சும்மா குடுக்க நான் என்ன உங்க மாமனா? காய் வாங்குங்க, கொசுறு தன்னால வரும். என்ன விலைன்னு அப்ப எழுதித் தரேன்."

ஒரு கிலோ கத்திரிக்காய் வாங்கினார். அடுத்த கடைக்காரர் இன்னும் கறார், முழுப் பூசணிக்காயாக வாங்கினால்தான் ஆயிற்று. இலவசப் பொருளுக்கு விலை எழுதி வாங்க இவ்வளவு செலவாகும் என்று யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. பூசணியைத் தோளில் ஏற்றிக்கொண்டு திரும்பினார். எதிரே ருக்கையா அக்கா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்கள் இருக்கலாம், பஃப்ளோ ரோட்டில் மறைக்க வழியில்லை.

மறுநாள் கடைக்குப் போனார்.

"வாங்க சார்" என்றார் அக்கா.

அழகப்பன் பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். வெண்டைக்காயை எடுத்தார், அது பணிவாக வளைந்தது. "முட்டிவலி எப்படிக்கா இருக்கு?"

"நல்லாயிருச்சு சார்."

எல்லாம் முடிந்தது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. இருந்தாலும், "கறிவேப்பிலை..." என்று இழுத்தார்.

"முதல்ல பழைய பாக்கிய முடிங்க. நீங்க விசாரிக்க வந்த அன்னிக்கு ஒரு காசுக்கு ஒரு கொத்து குடுத்தேன். பழக்க தோஷத்துல மேல ஒரு கொத்தும் போட்டுட்டேன். விலைக்கு வாங்குறவங்களுக்கு ஏது கொசுறு? அந்தக் கொத்தத் திருப்பிக் குடுங்க."

"சாம்பார்ல போட்டாச்சேக்கா!"

"அப்ப வேற கொண்டாங்க, விலைக்கு வாங்குனது ஆகாது. எங்கிட்டயே வாங்கி எனக்கே குடுக்கக் கூடாது. எதுத்தாப்புல வாங்கிட்டு வந்தீங்கன்னா, இந்தப் பக்கமே வந்துடாதீங்க."

அன்று மதியம் அந்த வளைந்த வெண்டைக்காயில் வைத்த சாம்பார் கப்பல்பட்டறைக்குப் போனது. சாப்பிட்ட ஊழியர் ஒருவர் போன் செய்து, சாம்பாரில் கிடப்பது வெண்டைக்காயா, நங்கூரக் கயிறா என்று விசாரித்தார். போனை எடுத்தவள் திவ்யதர்ஷினி. அடுத்தடுத்து வந்த போன்களையும் அவளே எடுத்தாள். சாயங்காலம் அழகப்பனைக் கூப்பிட்டு, உள்கூடை நின்ற கதையைக் கேட்டுக்கொண்டாள்.

"கறிவேப்பிலைய சிஸ்டத்துல இருந்தே தூக்கிட்டேன் அங்கிள். இனிமே நம்ம கம்பெனியில அப்படி ஒண்ணு கிடையாது. அவங்க குடுக்கல, நீங்க வாங்கல."

"சாம்பார்ல கிடக்குமேம்மா?"

"நான் சாம்பாரப் பாக்க மாட்டேன்."

இந்தச் சமாதானத்தை அழகப்பன் ஓடோடிப் போய்ச் சொன்னார். அக்கா பொறுமையாகக் கேட்டார். 'சார்' போய், 'அழகப்பன்' வந்தது. 'தம்பி' வரவில்லை.

"சந்தோஷம் அழகப்பன். என் கொத்து?"

பூன் லேயில் அவர் வீட்டு வாசல் நடைபாதையில், தாரணி வைத்த தொட்டியில் கறிவேப்பிலைச் செடி ஒன்று உண்டு. வாங்காத கறிவேப்பிலை அவர் உலகத்தில் அது மட்டுந்தான். அதில் இலையைவிடக் குச்சி அதிகம். அதில் ஒரு கொத்து தழைத்ததும் தருவதாக அக்காவிடம் சொல்லியிருக்கிறார்; இப்போது அதைத் தொடத் தாரணிக்கே அனுமதி இல்லை. அவள் வீட்டு ரசத்துக்குச் சூப்பர்மார்க்கெட்டில் வாங்கிக்கொள்கிறாள். அழகப்பன் தினமும் அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றுகிறார். தனியாக இருக்கும்போது பேச்சும் கொடுக்கிறார் என்கிறாள் தாரணி.

"செடி எப்படி இருக்கு?" என்று போன வாரம் அக்கா கேட்டார்.

"துளிர் விட்டிருக்குக்கா. உங்க முட்டி?"

அக்கா முட்டியைத் தடவிக்கொண்டார். "மழை வந்தா குத்துது தம்பி" என்று சொல்லிவிட்டு, உள்ளே போய்க் கூடையை எடுத்துவந்தார். வெண்டைக்காய் பட்டென்று ஒடிந்தது. பத்துக் காசு பேரம் நடந்தது. சொன்ன விலைக்கே முடிந்தது. பையின் மேலே மட்டும் ஒன்றும் விழவில்லை.

"அது பாக்கி, பாக்கிதான்" என்றார் அக்கா.

அழகப்பன் துள்ளாத குறையாக வீடு திரும்பினார். தொட்டியில் துளிரைக் காணவில்லை. பக்கத்து வீட்டுக் கமலா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"மோர்க்குழம்பு தாளிக்கணும்னு ஒரே ஒரு கொத்து கிள்ளிக்கிட்டேன்ணே. இதுக்கெல்லாம் போய் உங்ககிட்ட கேக்கணுமா, என்ன?"