ராக்கன் மகளுக்கு அனுப்பிய சுனை

என் தம்பி ராக்கனைப் போல ஒரு வீம்புக்காரனைப் பொன்னமராவதி வட்டாரத்திலேயே பார்க்க முடியாது. ஸ்டூடியோ வைத்திருக்கிறான். ஊரில் பாதிப் பேருடைய கல்யாணத்தைப் படம் பிடித்தவன், பெற்ற மகள் தேவிப்ரியா தானாக ஒருவனைப் பார்த்துக் கட்டிக்கொண்டபோது அங்கே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "இனிமே எங்கிட்டப் பேசாத" என்று போனிலேயே சொல்லிவிட்டான். அவளும் அப்பனுக்குப் பிறந்தவள்தானே, பேசவில்லை. தாயில்லாப் பிள்ளை திருப்பூரில் எப்படி இருக்கிறதோ என்று நான்தான் மருகிக்கொண்டிருந்தேன்.

இரண்டு வருடம் போனது. ஒருநாள் விடியுமுன்னே கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான். எங்கள் ஊரை ஒட்டிய மொட்டைப் பாறை மலையின் உச்சியில் ஒரு சுனை உண்டு, கோடையிலும் வற்றாது. சின்ன வயதில் தேவியைத் தோளில் வைத்துக்கொண்டு அங்கே ஏறுவான். சூரியன் கிளம்பும்போது தண்ணீர் முழுக்கக் குங்குமம் கரைத்தது போல் ஆகிவிடும். "அப்பா, தண்ணி எந்திரிச்சிருச்சு!" என்று கத்துவாளாம். அதைப் படம் எடுத்து, அடியில் காலை வணக்கம் என்று போட்டு, அவள் நம்பருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினான்.

பதில் வரவில்லை. ஆனால் நீல டிக் விழுந்தது. "அக்கா, பாத்துட்டா!" என்று அடுப்படிக்கே ஓடிவந்தான். வாட்ஸ்அப்பில் அவள் முகம் இருந்த இடத்தில் இப்போது முருகன் படம் இருந்தது. "புள்ளைக்கு பக்தி வந்துருச்சு" என்று அதற்கும் ஒரு சந்தோஷம். நானும் நம்பித் தொலைத்தேன்.

அன்றிலிருந்து மழையோ பனியோ, தினமும் மலைதான். முட்டி வீங்கிப்போனது.

"ஏன்டா, போனைப் போட்டு ஒரு வார்த்த பேசுனா ஒன் கிரீடம் எறங்கிருமா?" என்று கத்தியும் பார்த்தேன்.

"பாக்குறால்லக்கா, அது போதும். மெதுவா கோவம் ஆறட்டும்" என்பான்.

போன மாதம் காய்ச்சலில் படுத்துவிட்டான். மலைக்குப் போகவில்லை. வெயில் ஏறிய பிறகு அவள் நம்பரிலிருந்து செய்தி வந்தது: 'இன்னைக்கு ஏன் படம் வரல? உடம்பு சரியில்லையா?'

அடேயப்பா, அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "எம் புள்ள கேட்டுட்டாக்கா!" என்று எழுந்து உட்கார்ந்தான். கஞ்சி பாயில் கொட்டியதுகூடத் தெரியவில்லை. வீம்பெல்லாம் போன இடம் தெரியாமல், அவனே போன் போட்டான். நான் ஸ்பீக்கரை அமுக்கினேன்.

"தேவி, அப்பா பேசுறேன்..."

"அண்ணே, வணக்கங்க. நான் பாலாஜி" என்றது ஓர் ஆண் குரல். "துணிக்குச் சாயம் போடுற டையிங் கம்பெனில வேலை பாக்குறேன். இந்த சிம்மு வாங்கி ஒன்றரை வருசமாச்சுங்க. நீங்க யாருன்னு தெரியல. ஆனா மொத நாள்லேருந்து ஒங்க படத்தப் பாத்துட்டுத்தாங்க வேலைக்குக் கெளம்புறேன். அது எந்த ஊருங்க?"

ராக்கன் ஊர்ப் பெயரைச் சொன்னான். "நல்லா இருங்க தம்பி" என்றும் சொல்லிவிட்டு வைத்தான்.

ஒரு படத்தைக்கூட அவள் பார்க்கவில்லை. "யார்கிட்டயாச்சும் அவ புது நம்பர வாங்குவோம்டா. நான் பேசுறேன்" என்றேன்.

"வேணாம்க்கா. என் நம்பரு மாறலையே. குடுக்கணும்னு நெனச்சிருந்தா அவளே குடுத்திருப்பா."

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான். "கோவமா இருந்தாலும் தெனம் பாக்குறாளேன்னு இருந்தேன்க்கா" என்றான். அதற்குமேல் முடியாமல் வாய்விட்டு அழுதான். பக்கத்தில் உட்கார்ந்து நானும் அழுதேன்.